தீவன மூட்டையா, மண்பானையா? வெள்ளைக்கருவின் காவலுக்கு எது உதவும்

சித்திரை வெயிலில் காலையில் கறந்த பாலைக் காய்ச்சாமல் திண்ணையில் வைத்தால் பொழுது சாய்வதற்குள் திரிந்துவிடும். அதே வீட்டுக் கொல்லையில், அடைக்கோழியின் வயிற்றுச் சூட்டில், முட்டை 21 நாள் கிடக்கிறது. உள்ளே இருப்பது தண்ணீர், புரதம், கொழுப்பு. கிருமிக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. ஓட்டிலோ ஆயிரக்கணக்கில் நுண்துளைகள். இருந்தும் பெரும்பாலான முட்டைகள் அழுகாமல் குஞ்சாக வெளியே வருகின்றன. அந்த 21 நாளும் உள்ளே காவல் காப்பது வெள்ளைக்கரு.

இதையெல்லாம் யோசிக்க வைத்தவர் என் சித்தி. தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றோரக் கிராமத்தில் நாற்பது நாட்டுக்கோழி வளர்க்கிறார். பாதி முட்டை சாப்பாட்டுக்கு விற்பனை, பாதி அடை வைத்துக் குஞ்சு விற்பனை. குஞ்சில்தான் காசு. போன சித்திரையில் பன்னிரண்டு முட்டை வைத்த அடையில் ஏழு கூமுட்டையாகிவிட்டது. அதில் இரண்டு முட்டை, கைபட்டதுமே வெடித்து நாறியதாம். அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் ஒரு தீவன விற்பனையாளர் வந்து, "எங்க தீவனத்தைப் போட்டா வெள்ளைக்கருவுல எதிர்ப்புசக்தி கூடும், முட்டை கெடவே கெடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"தம்பி, நீதான் நாலு எழுத்துப் படிச்சவன். அந்த மூட்டையை வாங்கவா, நாமளே அரைச்சுப் போடவா, இல்ல பழையபடி மேய விட்டுடவா?" என்று கேட்டார். மூன்று வழி. சித்திக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் காவலுக்கு இருப்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 55 கிராம் முட்டை ஒன்றில் வெள்ளைக்கரு ஏறக்குறைய 33 கிராம். அதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். புரதம் மூன்றரை கிராம் தேறும். அந்தப் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். அதை முக்கியமாகக் குஞ்சுக்கான கட்டுச்சோறு என்று சொல்லலாம். காவல் வேலை மற்றவர்களுடையது.

லைசோசைம் என்பது 1922-ல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் உலகுக்குச் சொன்ன பொருள். பென்சிலினைக் கண்டதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு அவர் அதை மூக்குச்சளியில் கண்டார். நம் கண்ணீரிலும் எச்சிலிலும் இருக்கிறது. வெள்ளைக்கருவில் ஏராளமாக இருக்கிறது. மொத்தப் புரதத்தில் சுமார் 3.5 சதவீதம், அதாவது முட்டைக்கு 0.12 கிராம். சிலவகை பாக்டீரியாக்களின் சுவரை இது வெட்டிவிடும், அவை வெடித்துச் சாகும். ஆனால் சால்மொனெல்லா, ஈ.கோலி போன்றவற்றுக்கு அந்தச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு போர்த்தியிருப்பதால் லைசோசைம் மட்டும் அவற்றிடம் அவ்வளவாகப் பலிக்காது.

அங்கேதான் ஓவோடிரான்ஸ்ஃபெரின் வருகிறது. புரதத்தில் சுமார் 12 சதவீதம். இது கிருமியைக் கொல்வதைவிடப் பட்டினி போடுவதில் கெட்டிக்காரன். ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு இரும்பு அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிருமி பெருக இரும்பு வேண்டும். வெள்ளைக்கருவில் இருக்கும் துளி இரும்பும் இதன் பிடியில். பச்சை வெள்ளைக்கரு கிருமியைத் தடுக்கிறது, அதில் இரும்பைச் சேர்த்தால் அந்தத் தடை போய்விடுகிறது என்று 1944-லேயே காட்டிவிட்டார்கள். இந்த இரும்பு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அவிடின் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைக்கும். கிருமிகளின் புரதச் செரிமானத்தை முடக்கும் தடுப்பான்கள் சில உண்டு. ஓவோமியூசின் வெள்ளைக்கருவைக் கெட்டியாக வைத்திருக்கும். கிருமி நீந்திப் போய் மஞ்சள்கருவைத் தொட முடியாத அளவுக்குக் கொழகொழப்பு. இவற்றோடு, இட்ட முட்டைக்கு நாள் ஆக ஆக வெள்ளைக்கருவின் காரத்தன்மையும் ஏறும். புது முட்டையில் 7.6 அளவில் இருக்கும் பிஎச் சில நாட்களில் 9-ஐத் தாண்டிவிடும். அந்தக் காரத்தில் பல கிருமிகள் தவிக்கும், ஓவோடிரான்ஸ்ஃபெரினின் பிடியும் இறுகும்.

சரி, இதில் தீவனம் எங்கே வருகிறது? விற்பனையாளர் சொன்னதற்கும் கோழியின் உடம்பு செய்வதற்கும் இங்கேதான் இடைவெளி.

மஞ்சள்கரு கோழி தின்பதன் கண்ணாடி மாதிரி. கீரை தின்றால் நிறம் ஏறும், மீனெண்ணெயோ ஆளிவிதையோ கொடுத்தால் கொழுப்பின் வகை மாறும், வைட்டமின்கள் கூடும் குறையும். காரணம், அதற்கான பொருட்கள் ஈரலில் உருவாகி இரத்தம் வழியாக வந்து சேர்கின்றன. வெள்ளைக்கரு அப்படி இல்லை. கருக்குழாயில் ஒரு பகுதியிலுள்ள சுரப்பிகள் அதன் புரதங்களை ஏறக்குறைய எல்லாவற்றையும் அங்கேயே தயாரிக்கின்றன. மஞ்சள்கரு அந்தப் பகுதியைக் கடக்கும் மூன்று மணி நேரத்தில் அவற்றை மேலே போர்த்தி அனுப்பிவிடும். எந்தப் புரதம் எவ்வளவு என்பதைக் கோழியின் மரபணுவும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றன. தீவனத்திலிருந்து வருவது மூலப்பொருளான அமினோ அமிலங்கள் மட்டுமே.

நம் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரரை நினைத்துப் பாருங்கள். பருப்பு மூட்டை குறைவாக வந்தால் நல்ல சமையல்காரர் சாம்பாரில் தண்ணீரை ஊற்றிப் பெருக்க மாட்டார், குறைவாகத்தான் செய்வார். கோழியும் அப்படித்தான். தீவனத்தில் புரதமோ மெதியோனின் என்ற அமினோ அமிலமோ குறைந்தால் முட்டை சிறுக்கும், எண்ணிக்கை குறையும், கடைசியில் நின்றே போகும். இடுகிற முட்டைக்குள் லைசோசைமின் பங்கு பெரிதாக மாறுவதில்லை. அதேபோல், தேவைக்கு மேல் புரதத்தைக் கொட்டினாலும் லைசோசைம் இரட்டிப்பாகாது. மிச்சம் எச்சத்தில் போய் அம்மோனியாவாக மூக்கில் ஏறும். அந்த அம்மோனியா கொட்டகையில் தேங்கினால் கெட்டி வெள்ளைக்கரு நீர்த்துப்போகும் என்பது வேறு கதை. கோழியின் இனம், வயது, நோய் ஆகியவற்றால் வரும் வித்தியாசத்தோடு ஒப்பிட்டால், தீவனச் சேர்மானங்களால் வரும் ஏற்றம் சிறியது.

இரும்பு டானிக் கொடுத்தால்? அதுவும் மஞ்சள்கருவுக்குத்தான் போகும். வெள்ளைக்கருவுக்கு இரும்பு போகாமல் பார்த்துக்கொள்வதில் கோழி ரொம்ப கண்டிப்பு. போனால் காவல் போச்சு.

ஆகத் தீவனத்தால் வெள்ளைக்கருவின் காவலைக் கூட்டுவது கஷ்டம். ஆனால் கெடுப்பது சுலபம். இந்தக் கண்ணோடு மூன்று வழிகளையும் பார்த்தேன்.

கடை மூட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முட்டைக்கோழித் தீவனம் என்று விற்கும் எதிலும் 16 முதல் 18 சதவீதம் புரதம், மூன்றரை முதல் நான்கு சதவீதம் கால்சியம், கணக்குப் பார்த்துச் சேர்த்த மெதியோனின், வைட்டமின் எல்லாம் இருக்கும். நாமக்கல் பண்ணையில் கூண்டுக்குள் இருந்து ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும் வெள்ளை லெக்ஹார்ன் இனக் கோழிக்கு அது சரியான உணவு. ஆண்டுக்கு அறுபதோ எண்பதோ இட்டுவிட்டு நடுவில் அடைக்கும் உட்காரும் சித்தியின் கோழிக்கு அது பட்டுச்சேலை கட்டி நாற்றுநட அனுப்புவது போல. அதைவிடப் பெரிய தொல்லை, ஒரே முற்றத்தில் குஞ்சும் சேவலும் சேர்ந்து தின்பது. முட்டைக்கோழிக்கான அந்தக் கால்சியம் குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். "எதிர்ப்புசக்தி" என்று மூட்டையில் அச்சடித்திருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. தரமான சாதாரண மூட்டை வாங்கினாலும் முட்டைக்குள் அதே காவலர்கள்தான் இருப்பார்கள்.

வீட்டுக் கலவைதான் யோசிக்க வைத்த வழி. டெல்டாவில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. அரிசி ஆலையில் குருணையும் தவிடும், செக்கில் கடலைப் பிண்ணாக்கும் எள்ளுப் பிண்ணாக்கும், நாகப்பட்டினத்திலிருந்து கருவாடு, கடற்கரையிலிருந்து கிளிஞ்சல். சித்தியோடு உட்கார்ந்து பத்து கிலோவுக்கு ஒரு கணக்குப் போட்டோம். குருணை ஐந்து கிலோ, தவிடு இரண்டு, கடலைப் பிண்ணாக்கு 1.3, எள்ளுப் பிண்ணாக்கு அரை, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் அரை, கிளிஞ்சல் 600 கிராம், தாது உப்புக் கலவை 100 கிராம். கூட்டிப் பார்த்தால் புரதம் 16 சதவீதம் வருகிறது. கடலைப் பிண்ணாக்கில் புரதம் அதிகம், ஆனால் மெதியோனினும் லைசின் என்ற இன்னோர் அமினோ அமிலமும் போதாது. எள்ளுப் பிண்ணாக்கில் மெதியோனின் நிறைய, லைசின் குறைவு. கருவாடு இரண்டையும் ஈடுகட்டும். ஒன்றில் இல்லாததை இன்னொன்று கொண்டுவரும் இந்தக் கூட்டணியை நம் ஊர்ச் செக்கும் கடலும் சேர்ந்து ஏற்பாடு செய்து வைத்திருப்பது எனக்குப் பிடித்தது. கிளிஞ்சலைக் கலந்து போடுவதைவிட ஒரு தட்டில் தனியாக வைத்தால் வேண்டிய கோழி வேண்டிய மட்டும் கொத்தும், குஞ்சும் தப்பும்.

ஆனால் கெடுக்கிற பட்டியலும் இந்த வழியில்தான் நீளம்.

கருவாடு என்று சொன்னதும் சித்தி சமையலறைக் கருவாட்டுப் பானையைப் பார்த்தார். அது வேண்டாம். உப்புக் கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் உப்பு இருக்கக்கூடும். கோழித் தீவனத்தில் மொத்த உப்பே 0.3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். அரை கிலோ உப்புக் கருவாடு அதைத் தாண்டிவிடும். கோழி தண்ணீராகக் குடித்துத் தண்ணீராகக் கழியும், கொட்டகை ஈரமாகும், முட்டை அந்த ஈரத்தில் உருளும். உப்பில்லாமல் காயவைத்த பொடிமீன்தான் வேண்டும். அதையும் அளவு தாண்டினால் முட்டையில் மீன் வாடை வரும், வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

கடலைப் பிண்ணாக்கு ஐப்பசி கார்த்திகை மழையில் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணம் சுரக்கும் அஃப்லாடாக்சின் நேராகக் கோழியின் ஈரலைத் தாக்கும். முட்டை குறையும், நோய் சுலபமாகத் தொற்றும். பச்சை படர்ந்ததைச் சுரண்டிவிட்டு "மிச்சம் நல்லாத்தான் இருக்கு" என்று போடக் கூடாது; நஞ்சு கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் இருக்கும். தவிட்டிலும் எண்ணெய் நிறைய, சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். மழைக்காலத்தில் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலப்பது நல்லது.

தாதுக் கலவை வாங்கும்போதும் கவனம். அதில் சேரும் டைகால்சியம் பாஸ்பேட் தீவனத் தரத்தில் இருக்க வேண்டும். சில பாறைப் பாஸ்பேட்டுகளில் வனேடியம் என்ற உலோகம் கலந்திருக்கும். தீவனத்தில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வனேடியமே போதும், கெட்டி வெள்ளைக்கரு நீர்த்துப்போக. வயலுக்கு வாங்கிய பாஸ்பேட் உரத்தில் ஒரு பிடி போட்டால் என்ன என்று சித்தப்பா கேட்டார். போடவே கூடாது.

அடுத்தது பருத்திக்கொட்டை. தீவனம் வெள்ளைக்கருவின் காவலை நேரடியாகக் கெடுக்கும் மிகத் தெளிவான உதாரணம் இதுதான், அதுவும் நம் வாசலிலேயே கிடப்பது. நெல் அறுத்த தரிசில் டெல்டாவில் பலர் பருத்தி போடுகிறார்கள். மாட்டுக்கு ஊறவைத்து அரைத்த பருத்திக்கொட்டையில் மிச்சத்தைக் கோழிக்கு வீசுவது சகஜம். கோழி ஆசையாகத் தின்னும். பருத்திக்கொட்டை எண்ணெயில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பு அமிலம் கோழியின் உடம்பில் கொழுப்பின் தன்மையை மாற்றி, மஞ்சள்கருவைச் சுற்றியிருக்கும் சவ்வை ஒழுகவிடும். முட்டையை எடுத்து வைத்திருக்கும்போது மஞ்சள்கருவின் இரும்பு மெல்ல வெள்ளைக்கருவுக்குள் கசியும். அங்கே காத்திருக்கும் ஓவோடிரான்ஸ்ஃபெரின் அதைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு பிடித்த ஓவோடிரான்ஸ்ஃபெரினின் நிறம் இளஞ்சிவப்பு. உடைத்தால் வெள்ளைக்கரு ரோஜா நிறத்தில் இருக்கும். பார்க்க அழகுதான், ஆனால் அந்த நிறத்துக்கு அர்த்தம், காவலாளியின் இரண்டு கையும் ஏற்கெனவே நிறைந்துவிட்டன என்பது. இனி வெளியிலிருந்து வரும் கிருமிக்கு இரும்பை மறுக்க அவனிடம் கை இல்லை. பருத்திக்கொட்டையிலுள்ள காசிப்பால் என்ற இன்னொரு பொருள் மஞ்சள்கருவைப் பாசிப்பச்சை ஆக்கும். இலவங்காய் விதையும் பருத்திக்கொட்டை போலவே வெள்ளைக்கருவைச் சிவக்கவைக்கும். இரண்டையும் கோழிக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னேன். "அட, போன வருஷம் ரெண்டு முட்டை ரோஸ் கலர்ல இருந்துச்சே, நான் என்னமோ நினைச்சேன்" என்றார் சித்தி.

மூன்றாவது வழி, மேய விடுவது. இதற்கு எதிராக என்னால் அதிகம் பேச முடியாது, நூற்றாண்டுகளாக நடக்கிறது. தை மாசியில் அறுப்பு முடிந்த வயலில் சிந்திய நெல், பூச்சி, புழு, நத்தை. அசோலா என்ற மிதக்கும் நீர்ப்பெரணிக்குத் தொட்டி ஒன்று போட்டால் பச்சையும் கிடைக்கும். ஆனால் அசோலாவைப் பற்றிய பேச்சில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. காய்ந்த எடையில்தான் அதில் 20 முதல் 25 சதவீதம் புரதம். பச்சையாகப் போடும்போது நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று தண்ணீர். ஒரு கோழி நூறு கிராம் அசோலா தின்றால் அதற்குக் கிடைக்கும் புரதம் ஒன்றரை கிராமை ஒட்டித்தான். கறையான் அதைவிடக் கெட்டி. பழைய பானையில் சாணி, கிழிந்த சாக்கு, வைக்கோல் அடைத்துத் தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை கறையான் மொய்த்திருக்கும். தட்டிவிட்டால் குஞ்சுகள் போடும் சண்டையைப் பார்க்கவே வேலைக்குப் போகாமல் இருக்கலாம்.

மேய்ச்சலின் பலவீனம் காலண்டரில் இருக்கிறது. ஜூனில் மேட்டூர் திறந்து வயல் நிரம்பி, குறுவை, சம்பா, தாளடி என்று நட்டுவிட்டால் கோழிக்கு வயல் கிடையாது. மருந்து அடித்த வரப்பில் மேய்வதும் ஆபத்து. அந்த மாதங்களில் கோழி முட்டையைக் குறைக்கும். மேய்கிற கோழியின் வெள்ளைக்கருவில் காவல் புரதம் கூடுதலாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மஞ்சள்கருவின் நிறத்தைப் பார்த்து வரும் நம்பிக்கை அது. 40 கிராம் நாட்டு முட்டையில் வெள்ளைக்கருவே 24 கிராம்தான். ஒரு முட்டைக்கு என்று பார்த்தால் லைசோசைமின் மொத்த அளவு பண்ணை முட்டையைவிடக் குறைவாகத்தான் வரும். நாட்டுக்கோழி முட்டையை நான் ருசிக்காகச் சாப்பிடுகிறேன், அதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இவ்வளவும் பேசிய பிறகு சித்தியிடம், "முட்டையை எடுத்து என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். கூமுட்டைக்குக் காரணம் அங்கேதான் கிடைத்தது.

அழுக்கு முட்டையை அவர் போர் தண்ணீரில் கழுவித் துடைத்துச் சமையலறை அலமாரியில், அடுப்புக்குப் பக்கத்தில், கூடையில் வைப்பார். பதினைந்து நாள் சேர்ந்ததும் அடை வைப்பார். வீட்டு போர் தண்ணீர் பிடித்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் செம்பழுப்பாக மாறும், வாளியில் துருக்கறை. அது இரும்பு. முட்டை உடம்புச் சூட்டோடு இருக்கும்போது அதைவிடக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, நுண்துளை வழியாக வெளித்தண்ணீரை இழுக்கும். ஓட்டின் மேல் கோழி பூசி அனுப்பிய மெல்லிய படலமும் கழுவும்போது போய்விடும். ஆக அழுக்கிலிருந்த கிருமி, அதற்கு வேண்டிய இரும்பு, திறந்த வாசல் மூன்றையும் ஒரே நேரத்தில் கொடுத்தாயிற்று. இரும்புச்சத்துள்ள தண்ணீரில் கழுவிய முட்டை சீக்கிரம் அழுகும் என்பது முட்டைத் தொழிலில் பழைய பாடம். எந்தத் தீவனம் போட்டிருந்தாலும் ஓவோடிரான்ஸ்ஃபெரினால் அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது.

அடுத்தது சூடு. 35 டிகிரியில் முட்டைக்குள்ளிருந்து கார்பன் டை ஆக்சைடு வேகமாக வெளியேறும், அதனால் காரமும் வேகமாக ஏறும். லைசோசைமும் ஓவோமியூசினும் சேர்ந்து கட்டியிருந்த கெட்டி வெள்ளைக்கரு தளர்ந்து நீர்க்கும், மஞ்சள்கரு சவ்வு பலவீனமாகும். காரம் ஏறுவது காவலுக்கு நல்லது என்று மேலே சொன்னேன். சவ்வு கிழிந்து மஞ்சள்கருவின் சத்தும் இரும்பும் வெளியே வர ஆரம்பித்தால் அந்த நன்மை அதோடு சரி. தட்டில் உடைத்துப் பார்த்தால் தெரியும். புது முட்டையின் மஞ்சள்கரு மேடையில் உட்கார்ந்த மாதிரி நிற்கும். அலமாரியில் பத்து நாள் கிடந்தது தட்டு முழுக்க ஓடும். கெட்டி வெள்ளைக்கரு நிற்கும் உயரத்தையும் முட்டையின் எடையையும் வைத்துத்தான் 1937 முதல் ஹா அலகு என்று ஒரு மதிப்பெண் போடுகிறார்கள்.

இதற்கு மருந்து பழைய மண்பானை. நிழலில் ஈர மணல் பரப்பி, அதன் மேல் பானையை வைத்து, உள்ளே உலர்ந்த உமியில் அகலமான பக்கம் மேலே இருக்கும்படி முட்டையை நிறுத்த வேண்டும். மணலைத் தினமும் நனைத்தால் பானைக்குள் குளிர்ச்சி நிற்கும். அடைக்கான முட்டையை ஏழு நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். அழுக்கிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ரொம்ப அழுக்கானதை அடைக்கு வைக்காமல் அன்றே வேகவைத்துச் சாப்பிட்டுவிடலாம். சாப்பாட்டுக்கு விற்கும் முட்டைக்கு மேல் லேசாக எண்ணெய் தடவினால் துளை அடைபட்டுப் பல நாள் கெட்டியாக இருக்கும். அடை முட்டைக்கு அதைச் செய்தால் உள்ளே குஞ்சு மூச்சுவிட முடியாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் எடுத்து வெளியே வைப்பதும் மறுபடி உள்ளே வைப்பதுமாக இருக்கக் கூடாது. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஓடு வியர்த்து, அந்த ஈரத்தோடு கிருமி உள்ளே இறங்கும்.

ஒரு கேள்வியை நடுவில் பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். வயசுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கிறோமே, இந்தக் காவலெல்லாம் பெண்ணுக்கும் போகுமா? போகாது. வெள்ளைக்கருவின் காவல் முட்டைக்கும் குஞ்சுக்கும் உரியது. நம் வயிற்றுக்கு வந்தால் அது வெறும் புரதம். பச்சையாக வந்தால் அதுவும் பாதிதான் செரிக்கும், வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு செரிக்கும். தினமும் நிறையப் பச்சையாகக் குடித்தால் அவிடின் பயோட்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரிரு முட்டையில் அதற்குப் பயமில்லை, சால்மொனெல்லாவுக்குத்தான் பயம். அவித்துக் கொடுங்கள் என்றேன். அத்தை சம்மதித்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் சித்தி எடுத்த முடிவு இது. தை முதல் வைகாசி வரை மேய்ச்சலும் சாயங்காலம் ஒரு கைப்பிடி கலவையும். வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் வீட்டுக் கலவை கோழிக்கு நாளைக்கு 70, 80 கிராம் வீதம். குஞ்சுகளுக்கு மட்டும் கடையில் குஞ்சுத் தீவனம், முதல் ஆறு வாரம். எதிர்ப்புசக்தி மூட்டை இல்லை. அந்தக் காசில் இரண்டு மண்பானையும் ஒரு பிளாஸ்டிக் அசோலாத் தொட்டியும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் தவறாமல் போட்டுவிடுவதாகவும் சொன்னார். தாய்க்கோழியின் எதிர்ப்பொருள் மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்குப் போகும் என்பதால் அந்தச் செலவில்லாத ஊசி, மூட்டையில் அச்சடித்த எதிர்ப்புசக்தியைவிட எனக்கு நம்பகமானது. இதே வேலையைப் பெரிதாக, இருநூறு முந்நூறு கோழி வைத்துச் செய்பவராக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அவ்வளவு கோழிக்குப் பிண்ணாக்கைப் பூசணம் பிடிக்காமல் வைத்திருப்பது வீட்டில் முடியாத காரியம். சாதாரண கடை மூட்டையே அவருக்கு மலிவு.

ஆவணியில் மறுபடி பன்னிரண்டு முட்டை அடை வைத்தார். போனில் சொன்னார்: ஒன்பது பொரித்தது, ஒன்று உள்ளேயே செத்துக்கிடந்தது, இரண்டு கூமுட்டை. உடைத்துப் பார்த்தீர்களா என்றேன். பார்த்தாராம். நாற்றமே இல்லை, 21 நாள் கழித்தும் வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியாக இருந்ததாம். அப்படியானால் அது அழுகிய முட்டை இல்லை, கருவே கூடாத முட்டை.

"அதுக்கு எந்தத் தீவனம் தம்பி?"

"அதுக்குச் சேவலைத்தான் மாத்தணும் சித்தி."